நின்றுபோன கணக்கு விளையாட்டுகளைத் திரும்ப ஓட வைத்தது

எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஒரு பழைய கணினி இருக்கிறது. அதில் ‘கணக்கு’ என்ற ஃபோல்டருக்குள் பதினோரு ஃபிளாஷ் விளையாட்டுகள். கழித்தல், வாய்ப்பாடு, பரமபதம், எண் முக்கோணம் என்று ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்குமானவை. 2020 டிசம்பர் 31-உடன் அடோபி நிறுவனம், இவற்றை ஓட்டும் மென்பொருளான ஃபிளாஷ் பிளேயரைக் கைவிட்டது. 2021 ஜனவரி 12 முதல் பிளேயரே எந்தக் கோப்பையும் ஓடவிடாமல் தடுத்தது. கொரோனாவால் பள்ளி மூடியிருந்த நேரம் என்பதால் யாருக்கும் தெரியவில்லை. நவம்பரில் சின்ன வகுப்புகள் திறந்தபோதுதான் பிரவுசரில் விளையாட்டு இருந்த இடத்தில் வெறும் சாம்பல் பெட்டி நிற்பதைப் பிள்ளைகள் பார்த்தார்கள். “தம்பி, பிள்ளைங்க தினம் கேட்குதுங்க. என்ன ஏதுன்னு கொஞ்சம் பாருங்க” என்று டீச்சர் கூப்பிட்டார். அதைச் சரிசெய்யப் போய் முக்கால்வாசி விளையாட்டுகளைப் புதிதாகவே எழுத வேண்டி வந்தது. என்ன செய்தேன், ஏன் அப்படிச் செய்தேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். இதே மாதிரி ஃபோல்டர் இன்னும் நிறைய பள்ளிகளில் கிடக்கும்.

ஃபிளாஷ் கோப்பைத் தொடும் முன் அதன் முதல் நான்கு பைட்டைப் பார்த்துவிட வேண்டும். கோப்பைப் பைட் பைட்டாகக் காட்டும் ஏதாவது ஒரு ஹெக்ஸ் எடிட்டர் போதும். எஃப், டபிள்யூ, எஸ் என்ற மூன்று எழுத்தில் தொடங்கினால் அது சுருக்கப்படாத கோப்பு. சி, டபிள்யூ, எஸ் என்றால் சுருக்கியது. அதற்கடுத்த பைட், கோப்பின் பதிப்பு எண். இங்கே இருந்தவை 6, 7, 8 ஆகிய பதிப்புகள். அதைப் பார்த்ததும் நம்பிக்கை வந்தது. ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3 என்ற புதிய ஃபிளாஷ் நிரல்மொழி வந்தது 2006-இல், 9-ஆம் பதிப்போடு. அதற்கு முந்தைய ஆக்‌ஷன்ஸ்கிரிப்டில் எழுதியவற்றை ஃபிளாஷ் பிளேயரைப் போலவே நடந்துகொள்ளும் ரஃபிள் என்ற இலவச எமுலேட்டர் பெரும்பாலும் அப்படியே ஓட்டிவிடும்.

ரஃபிளைத் தனி நிரலாகக் கணினியில் போட்டதும் எல்லா விளையாட்டும் எழுந்து உட்கார்ந்தன. பிரவுசருக்குள் ஓட வைக்கத்தான் கொஞ்சம் வேலை. கோப்பை நேராக இரட்டைக் கிளிக் செய்து திறந்தால் ரஃபிளின் வெப்அசெம்பிளிப் பகுதியை ஏற்ற பிரவுசர் அனுமதிக்காது. பாதுகாப்புக்காக வைத்திருக்கும் விதி அது. அதே கணினியில் ஒரு சின்ன வெப் சர்வரை ஓடவிட்டு அதன் வழியாகத் திறந்தால் சரியாகிவிடும். பள்ளிக் கணினியைப் பொறுத்தவரை வேலை அத்தோடு முடிந்தது. யாராவது இதைப் படித்துவிட்டுப் பழைய விளையாட்டை மட்டும் மீட்டால் போதும் என்று நினைத்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

ஆனால் பிள்ளைகள் இப்போது கணக்கு போடுவது பள்ளிக் கணினியில் அல்ல, வீட்டில் இருக்கிற போனில். மாலையில் இல்லம் தேடிக் கல்வி மையத்திலும் தன்னார்வலர் அக்காவின் போன்தான். பழைய ஃபிளாஷ் விளையாட்டு மவுஸுக்காகச் செய்தது. பொருளின் மேல் அம்பைக் கொண்டுபோனால் நிறம் மாறும், விடையை விசைப்பலகையில் தட்ட வேண்டும். போனில் மேலே கொண்டுபோவது என்பதே கிடையாது. விடைக்கட்டத்தைத் தொட்டால் போனின் விசைப்பலகை எழும்பி வந்து பாதித் திரையை மூடிவிடும், கணக்கே தெரியாது. விலை குறைந்த போனில் ரஃபிள் ஏறவே நேரம் பிடித்தது.

சரி, திரும்ப எழுதுவது என்று முடிவானது. படங்களைப் பழைய கோப்பிலிருந்து பிரித்தெடுக்க மென்பொருள் இருக்கிறது. இருந்தாலும் வெளியிட்டவர் யார் என்று தேடிக் கண்டுபிடிக்க முடியாத நிலையில் அவர்களுடைய படங்களை எடுத்துப் பரப்ப மனம் வரவில்லை, புதிதாக வரைந்தேன். எழுத்துகளும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் இருந்ததால் நகலெடுத்தால் புரியாத குறிகளாகத்தான் வந்தன. எல்லாவற்றையும் தட்டச்சு செய்ய வேண்டியதாயிற்று.

எழுதத் தொடங்கும் முன் ஒரு வாரம்போல வகுப்பில் உட்கார்ந்து, ரஃபிளில் ஓடிய பழைய விளையாட்டுகளைப் பிள்ளைகள் எப்படி விளையாடுகிறார்கள் என்று பார்த்தேன். பலூன் கழித்தல் என்று ஒன்று. 52 − 28 என்று கேட்கும், நான்கு பலூன் பறக்கும், சரியான விடையுள்ள பலூனை உடைக்க வேண்டும். பலூன்களில் இருந்த எண்கள் 7, 24, 61, 90. மூன்றாம் வகுப்புப் பிள்ளை கழித்தே பார்க்க வேண்டாம். 90 ரொம்பப் பெரிசு, 61-உம் பெரிசு, 7 ரொம்பச் சின்னது, மிச்சம் 24, உடை. அதில் அளவை ஊகிக்கும் திறமை இருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கடன் வாங்கிக் கழிப்பதைப் பழக்க வந்த விளையாட்டு அந்த இடத்துக்கே போகவில்லை. தப்பாக உடைத்தால் ‘டொய்ங்’ என்று ஒரு சத்தம், அடுத்த கணக்கு. எதனால் தப்பு என்று பிள்ளைக்கும் தெரியாது, டீச்சருக்கும் தெரியாது.

கணக்கு விளையாட்டைப் பற்றி எனக்கு இருக்கிற ஒரே கருத்து இதுதான்: தப்பான விடை வந்ததும் விளையாட்டு என்ன செய்கிறது என்று பாருங்கள். சரியான விடைக்கு நட்சத்திரம் கொட்டுவதை எல்லா விளையாட்டும் செய்கிறது. திரும்ப எழுதியதில் என் நேரம் பெரும்பாலும் தப்பான விடைகளுக்குத்தான் போனது.

கழித்தல்

பிள்ளைகள் கழித்தலில் கண்டபடி தப்பு செய்வதில்லை. ஒரு தப்பான முறையைப் பிடித்துக்கொண்டு அதை ஒழுங்காகச் செய்கிறார்கள். 1978-இல் அமெரிக்காவில் ஜான் சீலி பிரௌன், ரிச்சர்ட் பர்ட்டன் இருவரும் இதை விரிவாக எழுதினார்கள். நிரலில் பிழை இருப்பதைப் போலவே பிள்ளையின் கழித்தல் முறையிலும் நிலையான பிழை இருக்கும், விடைகளை வைத்து அதைக் கண்டுபிடிக்கலாம் என்பது அவர்களுடைய வாதம். எங்கள் வகுப்பு நோட்டுகளைப் புரட்டினாலே அது தெரிகிறது.

52 − 28-ஐ எடுத்துக்கொள்வோம். விடை 24. ஒன்றுகள் இடத்தில் 2-இலிருந்து 8 போகாது என்றதும் சில பிள்ளைகள் திருப்பிப்போட்டு 8-இலிருந்து 2-ஐக் கழிப்பார்கள், 36 வரும். சிலர் கடன் வாங்கி 12 − 8 = 4 என்று சரியாகப் போட்டுவிட்டு, 5 இப்போது 4 ஆகிவிட்டதை மறந்து 34 என்பார்கள். குறியைப் பார்க்காமல் கூட்டினால் 80. ஆக 36, 34, 80 என்ற மூன்று விடையும் மூன்று தனித்தனி விஷயத்தைச் சொல்கின்றன. 36 போட்ட பிள்ளைக்கு இனமாற்றம், அதாவது ஒரு பத்தைப் பத்து ஒன்றுகளாக மாற்றுவது, என்றால் என்ன என்பதே இன்னும் வரவில்லை. 34 போட்டவர் முக்கால் தூரம் வந்துவிட்டார். இருவருக்கும் ஒரே ‘டொய்ங்’ சத்தம் கொடுப்பது அநியாயம்.

எனவே பலூன்களை எடுத்துவிட்டேன். பிள்ளையே விடையைத் தட்ட வேண்டும். தட்டிய விடை தப்பானால் நிரல் அந்தக் கணக்குக்கு வரக்கூடிய ‘வழக்கமான தப்பு’ விடைகளைக் கணக்கிட்டு எதனோடு ஒத்துப்போகிறது என்று பார்க்கும். ஒருமுறை ஒத்துப்போனால் அது கைதவறலாகவும் இருக்கலாம். வெவ்வேறு கணக்குகளில் மூன்று முறை அதே வகைத் தப்பு வந்தால்தான் குறித்துக்கொள்ளும்.

இதில் எண்களைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. 53 − 28 என்று கொடுத்துப் பாருங்கள். திருப்பிப்போட்டுக் கழித்தால் 8 − 3 = 5, விடை 35. கடன் வாங்கிவிட்டு 5-ஐக் குறைக்க மறந்தாலும் 13 − 8 = 5, அதே 35. இரண்டு வேறு குழப்பம், ஒரே விடை. ஒன்றுகள் இடத்து இலக்கங்களின் வித்தியாசம் 5 ஆக இருக்கும்போதெல்லாம் இப்படித்தான் ஆகும், ஏனென்றால் 10-இலிருந்து 5 போனாலும் 5-தான். அதனால் 52 − 27, 41 − 16 போன்ற கணக்குகள் எல்லாவற்றையும் இந்த விளையாட்டின் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன். பயிற்சித்தாள் தயாரிக்கிற ஆசிரியர்களும் இதைக் கவனிக்கலாம். ஒரு எண்ணை மாற்றினால் போதும், பிள்ளை எங்கே நிற்கிறது என்று தாளே காட்டிக்கொடுத்துவிடும்.

பூஜ்ஜியம் வரும் கணக்குகளுக்குத் தனிப்பட்டியல் போட்டேன். 50 − 23-க்கு 27-க்குப் பதில் 33 போடுகிறவர்கள் உண்டு. “பூஜ்ஜியத்துல மூணு போகாது, அதனால பூஜ்ஜியம்” என்று 30 போடுகிறவர்களும் உண்டு. இரண்டாவது கூட்டம் நான் நினைத்ததைவிடப் பெரிசு. 52 − 28-ஐச் சரியாகப் போடும் பிள்ளைகளே பூஜ்ஜியத்தைப் பார்த்ததும் தடுமாறுகிறார்கள். ஆகவே சாதாரணக் கழித்தல் வந்துவிட்டது என்று நிரல் முடிவுசெய்த பிறகும் பூஜ்ஜியக் கணக்குகளைத் தனியாகச் சோதிக்கிறது.

அப்புறம் விடைக்கட்டம். நாம் எந்தத் திரையில் எண்ணைத் தட்டினாலும் அது இடமிருந்து வலமாக நிரம்பும். ஆனால் பிள்ளை கழிப்பது வலமிருந்து இடம், முதலில் ஒன்றுகள், பிறகு பத்துகள். நோட்டில் 4-ஐ எழுதிவிட்டுத்தான் அதன் இடப்பக்கம் 2-ஐ எழுதும். சாதாரணக் கட்டத்தில் அதே வரிசையில் தட்டினால் 42 என்று வந்து நிற்கும். கணக்கு சரி, விடை தப்பு என்று திரை சொல்லும். அதனால் ஒன்றுகளுக்கு ஒரு கட்டம், பத்துகளுக்கு ஒரு கட்டம் என்று பிரித்தேன். கர்சர் ஒன்றுகளில் தொடங்கி, ஒரு எண் விழுந்ததும் தானாக இடப்பக்கம் நகரும். கழித்தல், கூட்டல் இரண்டுக்கும் இதே ஏற்பாடு. மனக்கணக்கு விளையாட்டில் மட்டும் வழக்கமான கட்டம், ஏனென்றால் மனக்கணக்கில் ‘இருபத்தி நாலு’ என்று பத்துதான் முதலில் வாயில் வரும்.

தப்பு விடை வந்தால் திரை பேசுவதில்லை, குச்சிகளைக் கொண்டுவந்து வைக்கிறது. வகுப்பில் ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருப்பார்கள் அல்லவா, அதேதான். 52 என்றால் ஐந்து கட்டு, இரண்டு ஒற்றைக் குச்சி. ‘8 ஒற்றைக் குச்சியை எடு’ என்று குரல் வரும். ஒற்றையில் இருப்பது இரண்டுதான். கட்டைத் தொட்டால் ரப்பர் பேண்டு அவிழ்ந்து பத்துக் குச்சிகளும் ஒற்றைப் பக்கம் சரியும். கட்டைத் தொடச் சொல்லி எந்தக் குறிப்பும் வைக்கவில்லை. கொஞ்ச நேரம் எதுவும் நடக்காவிட்டால் மட்டும் கட்டு லேசாக ஆடும்.

இதை முதலில் விளையாடியது ஒரு மூன்றாம் வகுப்புப் பையன். 36 போட்டான். குச்சிகள் வந்ததும் இரண்டு ஒற்றையையும் ஓரமாக இழுத்துவிட்டு என்னைப் பார்த்தான். “இன்னும் ஆறு வேணும்ணா” என்றான். நான் வாய் திறக்கவில்லை. கட்டைத் தொட்டான், அவிழ்ந்தது. “ஏ!” என்று சிரித்துவிட்டு ஒவ்வொன்றாக எட்டு வரை எடுத்தான். மிச்சம் நான்கு. திரும்பக் கணக்குக்கு வந்து ஒன்றுகள் இடத்தில் 4, பத்துகள் இடத்தில் 3 தட்டினான். அனுப்பும் முன் குச்சிகளைத் திரும்பிப் பார்த்தான். கணக்குத் திரையிலும் குச்சிகள் மேலே சின்னதாக நின்றபடியே இருக்கும், அதில் நான்கு கட்டுதான் இருந்தது. 3-ஐ அழித்துவிட்டு 2 போட்டான். அந்தச் சின்னப் படம் அப்போது வரை எனக்கு ஒரு அலங்காரம்தான். அதற்குப் பிறகு அதை எந்த மாற்றத்திலும் எடுக்கவே இல்லை.

நேரக் கடிகாரம் பழைய விளையாட்டில் இருந்தது. புதியதில் இல்லை. கடிகாரம் ஓடும்போது மேசைக்குக் கீழே விரல் விட்டு எண்ணுகிற பிள்ளைகள், விரலை மடக்கிக்கொண்டு ஏதோ ஒரு எண்ணைத் தட்டுவதைப் பார்த்தேன். “அதை எடுத்துடுங்க தம்பி, அவசரப்பட்டா தெரிஞ்சதும் மறந்துடும்” என்று டீச்சரும் சொன்னார். விரல் விட்டு எண்ணுவது அந்த வயதில் நல்ல முறை. அதை மறைக்க வைக்கிற விளையாட்டு வேண்டாம்.

பரமபதம்

பரமபதத்தைத் தொட எனக்குத் தயக்கம் இருந்தது. பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். ஆனால் கணக்கு விளையாட்டு என்று பார்த்தால் அந்தப் பலகையில் ஒரு சிக்கல் இருக்கிறது. முதல் வரிசை 1 முதல் 10 வரை இடமிருந்து வலம் போகும், அடுத்தது 11 முதல் 20 வரை வலமிருந்து இடம் திரும்பும். அதனால் 4-க்கு நேர் மேலே 14 இருக்காது, 17 இருக்கும். பத்து கூட்டினால் ஒரு வரிசை மேலே போகும் என்ற அழகான விஷயத்தைப் பலகை மறைத்துவிடுகிறது. பாம்பும் ஏணியும் வேறு இருப்பதால் எண்களின் தூரத்தைப் பிள்ளை உணர வழியே இல்லை.

இதைப் பற்றி ராபர்ட் சீக்லர், கீதா ராமணி இருவரும் செய்த ஆய்வு 2008-இல் வந்தது. அமெரிக்காவில் ஏழைக் குடும்பங்களின் மழலை வகுப்புப் பிள்ளைகளுக்கு 1 முதல் 10 வரை ஒரே நேர்கோட்டில் கட்டம் போட்ட பலகையைக் கொடுத்தார்கள். சுழற்றினால் 1 அல்லது 2 விழும், அவ்வளவுதான். இன்னொரு கூட்டத்துக்கு எண் இல்லாமல் நிறம் மட்டும் உள்ள பலகை. இரண்டு வாரத்துக்குள் நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் கால் மணிநேரம்போல விளையாடிய பிறகு, எண் பலகைக் கூட்டத்துக்கு எண்களின் அளவு பற்றிய அறிவு நன்றாக வளர்ந்திருந்தது. ஒன்பது வாரம் கழித்துப் பார்த்தபோதும் அது நிலைத்திருந்தது. பிறகு 2014-இல் எலிடா லாஸ்கியும் சீக்லரும் 100 வரைக்குமான பலகையில் இன்னொன்றைக் காட்டினார்கள். 5-இல் நிற்கும் பிள்ளைக்கு 2 விழுந்தால் ‘ஒண்ணு, ரெண்டு’ என்று எண்ணி நகர்ந்தால் பயன் இல்லை. ‘ஆறு, ஏழு’ என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகர்ந்தால்தான் பயன்.

எனவே ஒன்றாம் வகுப்புக்கு 1 முதல் 10 வரை ஒரே கோடு. தாயக்கட்டை தானாகக் காயை நகர்த்தாது. பிள்ளை அடுத்த கட்டத்தைத் தொட வேண்டும், தொட்டதும் அந்த எண்ணைக் குரல் சொல்லும். இரண்டாம் வகுப்புக்கு 100 வரை, எல்லா வரிசையும் இடமிருந்து வலம், கீழிருந்து மேல். வரிசை முடிந்ததும் காய் இடப்பக்கத்துக்குத் தாவும். பாம்பும் ஏணியும் இருக்கின்றன, பிள்ளைகள் விடவில்லை. ஆனால் எல்லாம் நேர் செங்குத்து. ஏணி என்றால் 10 அல்லது 20 கூடும், பாம்பு என்றால் 10 அல்லது 20 குறையும். 34-இல் ஏணி கிடைத்தால் 44. ஏறும் முன் எங்கே போய் நிற்போம் என்று தட்டச் சொல்லும். பழைய வளைந்த பாம்பு வேண்டும் என்று கேட்டவர்கள் உண்டு, அவர்களுக்கு ரஃபிளில் பழைய விளையாட்டும் பள்ளிக் கணினியில் அப்படியே இருக்கிறது.

வாய்ப்பாட்டுக்கு அதிக வேலை இல்லை. 10 × 10 வாய்ப்பாட்டில் நூறு கட்டம். 7 × 8-உம் 8 × 7-உம் ஒன்று என்று தெரிந்தால் 55 ஆகிவிடும். 1-ஆம் வாய்ப்பாட்டையும் 10-ஆம் வாய்ப்பாட்டையும் கழித்தால் 36. 2-உம் 5-உம் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் வந்துவிடும், அவற்றையும் எடுத்தால் மிச்சம் வெறும் 21. இந்த 21 கட்டத்தை மட்டும் ஒரு பலகையாகக் காட்டினேன், தெரிந்தது பச்சை, தெரியாதது வெள்ளை. “மொத்தமே இவ்ளோதானா?” என்று ஒரு நான்காம் வகுப்புப் பெண் கேட்டாள். ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு என்று வரிசையாக ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளைகள்கூட நடுவில் 7 × 8 கேட்டால் ஆரம்பத்திலிருந்து ஓடிவர வேண்டியிருக்கிறது. தப்பும் பெரும்பாலும் பக்கத்து வீட்டு எண்தான்: 56-க்கு 54, 63, 48. அப்போது ஏழு வரிசையில் எட்டெட்டுப் புள்ளி வந்து ஐந்து வரிசையும் இரண்டு வரிசையுமாகப் பிரியும். 40-உம் 16-உம் தெரிந்த எண்கள், கூட்டிக்கொள்ளலாம்.

போனில் வந்த வேலைகள்

விசைப்பலகை எழும்பாமல் இருக்க 0 முதல் 9 வரை பொத்தான்களை நானே திரையின் கீழ்ப்பகுதியில் வைத்தேன். ஆண்ட்ராய்டு வழிகாட்டி பொத்தானுக்குக் குறைந்தது 48 அலகு சொல்கிறது, கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர். பிள்ளைகள் கட்டைவிரலின் பக்கவாட்டால் அழுத்துகிறார்கள், அதனால் 64 வைத்தேன். வேகமாக இரண்டு தட்டு தட்டினால் பிரவுசர் அதைப் பெரிதாக்கும் கட்டளை என்று எடுத்துக்கொண்டு திரையை விரித்துவிடும். ஸ்டைல் கோப்பில் டச்-ஆக்‌ஷன் என்ற பண்புக்கு மேனிப்புலேஷன் என்ற மதிப்பைக் கொடுத்தால் இரட்டைத் தட்டு மட்டும் நின்றுவிடும், இரு விரலால் பெரிதாக்குவது இருக்கும். பார்வைக் குறைவுள்ள பிள்ளைக்கு அது வேண்டும்.

குரலுக்குத்தான் யோசிக்க வேண்டியிருந்தது. ஒன்றாம் வகுப்புக்கு வாசிப்பு முழுதாக வராது, எனவே கணக்கைக் குரலில் சொல்லியே ஆக வேண்டும். போனுக்குள் இருக்கும் தமிழ்க் குரலை நம்ப முடியவில்லை, சில போனில் இருக்கிறது, சில போனில் இல்லை. டீச்சரே பதிவுசெய்து தந்தார். நூறு எண்ணையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டாம். 1 முதல் 10 வரை, 11 முதல் 19 வரை, அப்புறம் இருபது முதல் தொண்ணூறு வரை இரண்டு விதமாக. தனியாக வந்தால் ‘இருபது’, சேர்ந்து வந்தால் ‘இருபத்தி’. கடைசியில் நூறு. மொத்தம் 36 துண்டு. ‘இருபத்தி’ பக்கத்தில் ‘நாலு’ வந்தால் இயல்பான பேச்சு. ஒவ்வொரு துண்டின் முன்னும் பின்னும் இருக்கும் மௌனத்தை ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் ஒட்ட வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் எண் இரண்டாக உடைந்து கேட்கும். இன்னொன்று: பயனர் எதையாவது தொடும் வரை குரோம் தானாக ஒலி எழுப்ப விடாது. ‘தொடங்கு’ என்ற பொத்தானைத் தொட்டதும் ஒலியைத் திறந்துவிட்டால் பிறகு சிக்கல் இல்லை.

புதிர்களில் எண் முக்கோணத்தைத் திரும்பச் செய்தேன். முக்கோணத்தின் மூன்று மூலையிலும் மூன்று பக்கத்தின் நடுவிலும் ஒவ்வொரு வட்டம், 1 முதல் 6 வரை நிரப்ப வேண்டும், ஒவ்வொரு பக்கத்தின் கூட்டுத்தொகையும் சமமாக வர வேண்டும். பழையது 9 மட்டும் கேட்டது. உண்மையில் 9, 10, 11, 12 நான்குக்கும் விடை உண்டு. ஆறு எண்ணையும் கூட்டினால் 21. மூன்று பக்கத்தையும் கூட்டும்போது மூலை எண்கள் இரண்டு முறை வரும், எனவே மூலையில் சின்ன எண்களான 1, 2, 3 இருந்தால் 9, பெரிய எண்களான 4, 5, 6 இருந்தால் 12. 8 ஏன் வராது என்று ஐந்தாம் வகுப்பில் கேட்டால் நல்ல பேச்சு நடக்கும். எண்ணை இழுத்து வைப்பது சின்ன திரையில் கை வழுக்குகிறது. எண்ணைத் தொடு, பிறகு வட்டத்தைத் தொடு என்று மாற்றியதும் எல்லோருக்கும் எளிதாயிற்று.

4 × 4 சுடோக்குவும் சேர்த்தேன். முழுதாக நிரம்பிய கட்டங்கள் மொத்தம் 288 வகைதான், நிரலுக்கு ஒரு நொடி வேலை. ஒவ்வொரு புதிரையும் திரையில் காட்டும் முன் விடை ஒன்றே ஒன்றுதானா என்று நிரல் எண்ணிப் பார்க்கும், இரண்டாவது விடை கிடைத்தால் தூக்கிப் போட்டுவிடும். இதைத் தவிர்க்கவே கூடாது. இரண்டு விடை உள்ள புதிரில் பிள்ளை சரியாக யோசித்து நிரப்பியதைத் திரை தப்பு என்று சொன்னால் அந்தப் பிள்ளைக்குக் கணக்கின் மேலேயே சந்தேகம் வந்துவிடும். சுடோக்குவில் கூட்டல் இல்லை என்பதால், ஜப்பானிய ஆசிரியர் டெட்சுயா மியாமோட்டோ 2004-இல் உருவாக்கிய கென்கென் முறையில் 3 × 3 கூட்டல் கூண்டுகளையும் வைத்தேன். கூண்டு என்பது தடித்த கோட்டுக்குள் சேர்ந்த கட்டங்கள், அவற்றின் எண்களைக் கூட்டினால் அதில் கொடுத்த எண் வர வேண்டும். இரண்டாம் வகுப்பிலேயே போடுகிறார்கள்.

ஒரு போனில் அண்ணன், தங்கை, பக்கத்து வீட்டுப் பிள்ளை எல்லோரும் விளையாடுவார்கள். பெயர் கேட்காமல் மயில், ஆமை, அணில் என்று படத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். யார் எந்தப் படம் என்பது டீச்சரின் நோட்டில் மட்டும். பதிவுகள் அந்தப் போனின் பிரவுசருக்குள்ளேயே இருக்கும், எங்கேயும் போகாது. 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குட்பட்டவர்களின் தகவலைச் சேகரிக்கப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். சட்டம் இல்லாவிட்டாலும் ஏழு வயதுப் பிள்ளையின் தப்புகள் எங்கோ ஒரு சர்வரில் கிடக்க வேண்டிய அவசியம் இல்லை.

நெட் இல்லாமல் ஓட, தளத்தின் கோப்புகளைப் போனிலேயே சேமித்து எடுத்துக்கொடுக்கும் சர்வீஸ் வொர்க்கர் என்ற நிரலைப் போட்டேன். தளம் எச்டிடிபிஎஸ் ஆக இருந்தால்தான் அது வேலை செய்யும். ஒருமுறை திறந்துவிட்டால் எல்லாம் போனுக்குள் இறங்கிவிடும், பிறகு டேட்டா தீர்ந்தாலும் விளையாடலாம். நிரலைத் திருத்தும்போதெல்லாம் சேமிப்பின் பெயரை மாற்ற வேண்டும், மாற்றாவிட்டால் போன் பழையதையே காட்டிக்கொண்டிருக்கும்.

நிலைகளுக்கு அரசுப் பள்ளிகளின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் உள்ள அரும்பு, மொட்டு, மலர் பெயர்களையே வைத்தேன், பிள்ளைகளுக்குப் பழகியவை. டீச்சர் வாரம் ஒருமுறை மையத்துப் போனில் ஒரு பக்கத்தைத் திறந்து பார்க்கிறார். அதில் மதிப்பெண் கிடையாது. எந்தப் படத்துக்கு எந்த வகைத் தப்பு மூன்று முறையாவது வந்தது என்பது மட்டும் இருக்கும். 50 − 23-க்கு 30 போடும் பிள்ளைகளை ஒரு பாயில் உட்காரவைத்து நிஜ ஈர்க்குச்சியையே கையில் கொடுக்கிறார். மற்றவர்கள் வேறு வேலை பார்க்கிறார்கள். முன்பெல்லாம் இதைக் கண்டுபிடிக்க முப்பது நோட்டையும் திருத்த வேண்டியிருந்தது என்றார்.

இப்போது கையில் இருப்பது மூன்று இலக்கக் கழித்தல். 402 − 168-க்கு விடை 234. பூஜ்ஜியத்தைத் தாண்டி 4-இடமே இரண்டு முறை கடன் வாங்கினால் 144. பூஜ்ஜியத்தை 9 ஆக்கிவிட்டு 4-ஐக் குறைக்காமல் விட்டால் 334. தப்புகளைப் பிரிக்கும் பகுதி எழுதியாயிற்று. குச்சிகள்தான் பிரச்சினை. நூறு குச்சிக் கட்டு நான்கை ஐந்து அங்குலத் திரையில் வைத்தால் எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. நூறுக்குச் சதுரத் தட்டு, பத்துக்குப் பட்டை, ஒன்றுக்குக் கட்டம் என்று மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தட்டைத் தொட்டால் பத்துப் பட்டையாகப் பிரிய வேண்டும், அதில் ஒரு பட்டையைத் தொட்டால் பத்துக் கட்டமாகப் பிரிய வேண்டும், அதுவும் பிள்ளையின் கையாலேயே, ஒன்றன்பின் ஒன்றாக. அசைவு வேகத்தைச் சரிசெய்ததும் நான்காம் வகுப்பில் கொடுத்துப் பார்க்கப் போகிறேன்.